இரைப்பையை எடுப்பதா, வைத்துக்கொண்டே குணமாக்குவதா?

"அறுத்து எடுத்துட்டாப் போச்சு. உள்ள வச்சுக்கிட்டு என்ன யோசனை?"

அண்ணனின் பயாப்ஸி முடிவு வந்த அன்று மாமா சொன்னது இது. அம்மாவும் அதையே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வயிற்றுக்குள் கட்டி, அதுவும் வேகமாக வளரும் வகை என்று தெரிந்த பிறகு அதை ஒரு நாள்கூட உடம்பில் விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்?

அந்த முதல் எண்டோஸ்கோபி படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வழவழவென்று இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இரைப்பைச் சுவரில் ஒரு பெரிய பள்ளம். ஓரங்கள் தடித்து மேடேறியிருந்தன. நடுவில் அழுக்கு வெள்ளை, ஒரு மூலையில் கசிந்து காய்ந்த ரத்தம். மூன்று மாதமாக அல்சர் என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தது இதற்குத்தான். முதல் பயாப்ஸியில் திசு போதவில்லை என்றார்கள். இரண்டாவது முறை ஆழமாக, பல இடங்களில் எடுத்த பிறகுதான் பெயர் கிடைத்தது: டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா.

இதே பெயர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முன்னால் வந்து நின்ற வழிகளை, அவற்றில் எது எவருக்குப் பொருந்தும் என்று நாங்கள் புரிந்துகொண்டதை, அவருக்காக ஒப்பிட்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். ஆனால் அவர் எதிரில் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்த இருபது நிமிடம் வீணாகாது.

இது இரைப்பையில் இருக்கிறது, இரைப்பையின் கேன்சர் இல்லை

இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தெளிவாகும். நாம் வழக்கமாக இரைப்பைப் புற்றுநோய் என்று சொல்வது, இரைப்பையின் உள் சவ்விலுள்ள சுரப்பி செல்கள் கெட்டுப்போய் வருவது. அதற்கு அறுவை சிகிச்சைதான் முதுகெலும்பு. லிம்போமா வேறு. லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவது. அந்த அணுக்கள் நிணநீர்க் கணுக்களில் மட்டும் இருப்பதில்லை, குடல், இரைப்பை என்று பல உறுப்புகளில் குடியிருக்கும். கணுக்களுக்கு வெளியே லிம்போமா தொடங்கும் இடங்களில் இரைப்பை முதன்மையானது. ஆனாலும் இரைப்பையில் வரும் புற்றுநோய்களை மொத்தமாக எடுத்தால் லிம்போமா 5 சதவீதம்கூடத் தேறாது. அதனால்தான் பல டாக்டர்கள் முதலில் வேறு எதையோ சந்தேகிக்கிறார்கள்.

இரைப்பை லிம்போமாவில் இரண்டு வகைகள் அதிகம். ஒன்று மால்ட் லிம்போமா, மெதுவாக ஊர்வது. மற்றொன்று அண்ணனுக்கு வந்த, வேகமாக வளரும் பெரிய பி-செல் வகை. சில சமயம் முதலாவது உருமாறி இரண்டாவதாகிவிடும். ஒரே பயாப்ஸியில் இரண்டும் கலந்து தெரிவதும் உண்டு.

வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ரத்தப் புற்றுநோய் டாக்டர்தான் நிதானமாக விளக்கினார்: வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ நன்றாகப் பிடிக்கும். மெதுவாக ஊரும் லிம்போமாக்களில் பலவற்றை அடக்கி வைக்கலாம், முழுதாகத் துடைப்பது கடினம். இந்த வகையைக் குணப்படுத்தவே முடியும், அதுதான் இங்கே இலக்கு. அன்று இரவு அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

கத்தியா, மருந்தா?

1990-கள் வரை பல இடங்களில் முதலில் கத்திதான். இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு, பிறகு கீமோவோ கதிர்வீச்சோ கொடுப்பார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, அப்போதைய எண்டோஸ்கோபி பயாப்ஸியை வைத்து லிம்போமாவை உறுதியாகச் சொல்வது கடினம். மற்றொன்று பயம். கட்டி இரைப்பைச் சுவரின் முழுத் தடிமனையும் தின்றிருந்தால், கீமோ அதைக் கரைக்கும்போது சுவரில் ஓட்டை விழுமே, ரத்தம் பீறிடுமே என்ற பயம்.

அந்தப் பழக்கத்தை அசைத்தது மெக்ஸிகோவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு. தொடக்க நிலையிலிருந்த 589 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை மட்டும். அடுத்த குழுவுக்கு அறுவையும் கதிர்வீச்சும். மூன்றாவது குழுவுக்கு அறுவையும் கீமோவும். நான்காவது குழுவுக்குக் கத்தியே இல்லை, கீமோ மட்டும். 2004-ல் வெளியான முடிவில் பத்தாண்டு உயிர்வாழ்வு முதல் இரண்டு குழுக்களில் 54, 53 சதவீதம். அறுவையோடு கீமோவும் பெற்றவர்களில் 91. கீமோ மட்டும் பெற்றவர்களில் 96.

இந்த எண்களை மாமாவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். உயிரைக் காத்தது கீமோ, கத்தி அதோடு எதையும் கூட்டவில்லை என்பதுதான் அந்த நான்கு எண்களும் சொல்வது. ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து பின்தொடர்ந்த நோயாளிகளிலும், இரைப்பையை வைத்துக்கொண்டு சிகிச்சை பெற்றவர்கள் எடுத்துக்கொண்டவர்களைவிட எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. இவை எல்லாம் ரிடுக்ஸிமாப் என்ற மருந்து வழக்கத்துக்கு வரும் முன்பே கிடைத்த முடிவுகள். இப்போது மருந்தின் பக்கம் இன்னும் கனம் கூடியிருக்கிறது.

இரைப்பை இல்லாமல் வாழ்வது எப்படி என்பதையும் இந்தத் தராசில் வைக்க வேண்டும். முழு இரைப்பையையும் எடுத்துவிட்டால் பி12 வைட்டமினை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும் புரதம் சுரக்காது. ஆயுள் முழுக்க பி12 வெளியிலிருந்து தர வேண்டும், பெரும்பாலும் ஊசியாக. இரும்புச் சத்தும் குறையும். சாப்பிட்டது நேராகக் குடலுக்குள் இறங்குவதால் சிலருக்குச் சாப்பிட்ட சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு. ஒரு நாள் சாப்பாட்டை ஆறு ஏழு சிறு வேளைகளாக உடைத்துக்கொள்ள வேண்டும். உடல் எடை எளிதில் திரும்பாது. உயிரைக் காப்பாற்றத் தேவை என்றால் இவை எல்லாவற்றோடும் நன்றாக வாழலாம், வாழ்கிறார்கள். தேவையில்லாதபோது இந்த விலையைக் கொடுக்கச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அறுவை முடிந்து உடம்பு தேறும்வரை கீமோ சில வாரங்கள் தள்ளிப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது. வேகமான லிம்போமாவில் அந்த வாரங்கள் விலைமதிப்பானவை.

ஓட்டை விழும் பயம் வெறும் கற்பனையா? இல்லை. உணவுப் பாதை லிம்போமா வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது சுமார் 9 சதவீதம் பேருக்கு எங்காவது ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில். இரைப்பையின் பங்கு குறைவு. அதனால் இதைக் காரணமாக வைத்து எல்லோருக்கும் முன்கூட்டியே இரைப்பையை எடுப்பதில்லை. முதல் கீமோவின்போது மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பது, அமிலம் குறைக்கும் மருந்தை விடாமல் கொடுப்பது, ஆழமான புண் என்றால் சில நாள் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து மெல்லத் தொடங்குவது என்று டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. தார் போலக் கறுத்த மலம். ரத்த வாந்தி. திடீரென்று கத்தியால் குத்தியது போன்ற வயிற்று வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

கத்திக்கு இன்றும் இடம் உண்டு. ஓட்டை விழுந்துவிட்டால், எண்டோஸ்கோபி வழியாக நிறுத்த முடியாத ரத்தப்போக்கு என்றால், உணவு இறங்க வழியே இல்லாத அடைப்பு மருந்துக்கு இளகாவிட்டால், அறுவை நிபுணரைத்தான் கூப்பிட வேண்டும். அவசரத்துக்கான கதவு அது. முதல் வாசல் இல்லை.

கிருமியை மட்டும் கொன்றால் போதுமா?

இரைப்பைக்குள் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் அடையாளம் கண்டார்கள். அல்சருக்குக் காரணம் மன அழுத்தமும் காரமும் என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்தை அது திருப்பிப் போட்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி ஆண்டுக்கணக்காகச் சுவரை உறுத்திக்கொண்டே இருப்பதால் அங்கே லிம்போசைட்டுகள் வந்து குவிகின்றன. அந்தக் குவியலிலிருந்துதான் மால்ட் லிம்போமா பிறக்கிறது. 1993-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, ஆண்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்ததுமே சிலருடைய மால்ட் லிம்போமா மறைந்துவிட்டதைக் காட்டியது. இன்று தொடக்க நிலை மால்ட் லிம்போமாவுக்கு அதுதான் முதல் சிகிச்சை.

அப்படியென்றால் வேகமான வகைக்கும் அது போதாதா? இந்தக் கேள்வியை அண்ணிதான் கேட்டார். பதில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலாக இருந்தது. தைவான் மருத்துவர்கள், கிருமி இருந்த, நோய் இரைப்பையைத் தாண்டிப் பரவாத சிலரைத் தேர்ந்தெடுத்து, முதலில் கிருமி ஒழிப்பு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களில் வேகமான லிம்போமாவும் முழுதாக மறைந்தது. இத்தாலியிலும் ஒரு சிறிய குழுவில் இப்படிப்பட்ட பலன் கிடைத்தது. நம்ப முடியாத செய்திதான், உண்மையும்கூட.

ஆனால் இந்த எண்கள் சில பத்துப் பேரிலிருந்து வந்தவை. அந்த நோயாளிகளை மருத்துவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்து, ஒவ்வொரு முறையும் பயாப்ஸி எடுத்து, பலன் இல்லை என்று தெரிந்த நொடியில் கீமோவுக்கு மாற்றினார்கள். அப்படிக் கழுகுபோலக் கவனிக்கும் இடம் இல்லாமல், "ஆண்டிபயாடிக் போதும், மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று வீட்டுக்கு அனுப்பினால் அது சூதாட்டம். கட்டி சுவரின் மேல் அடுக்குகளோடு நிற்கிறது, கணுக்களில் எதுவும் இல்லை, அனுபவமுள்ள குழு கையில் இருக்கிறது என்றால் மட்டும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அண்ணனுக்குக் கட்டி ஆழமாக இறங்கி, பக்கத்துக் கணுக்களிலும் இருந்தது. எங்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

கீமோ கொடுத்தாலும் கிருமி இருந்தால் அதையும் ஒழித்துவிடுவது நல்லது, இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். வழக்கமாக இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டுத்தான் மூச்சுப் பரிசோதனை செய்வார்கள். ரத்தம் கசியும் புண்ணை வைத்துக்கொண்டு அதை நிறுத்துவது ஆபத்து. அதனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆர்-சாப் என்னும் ஐந்து மருந்து

பெரும்பாலானவர்களுக்கு முடிவாவது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் ஆகிய நான்கும் சேர்ந்தது சாப். அதன் முன்னால் ரிடுக்ஸிமாப் சேரும்போது ஆர்-சாப். ரிடுக்ஸிமாப் ஒரு ஆன்டிபாடி. பி-செல்களின் மேலுள்ள சிடி20 என்ற கொக்கியைத் தேடிப் பிடித்து அந்தச் செல்களை அழிக்கச் செய்கிறது. 2002-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரைப் பார்த்தார்கள். ரிடுக்ஸிமாப் சேர்த்தவர்களில் இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 70 சதவீதம், சேர்க்காதவர்களில் 57. அன்றிலிருந்து இன்று வரை இந்த நோய்க்கு அடித்தளம் அதுவே.

21 நாளுக்கு ஒரு சுற்று. முதல் நாள் முழுக்க டிரிப்ஸ். ரிடுக்ஸிமாப் முதல் முறை மிக மெதுவாக ஏறும், பலருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். அண்ணனுக்கும் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுத்தது, நர்ஸ் வேகத்தைக் குறைத்து ஊசி ஒன்று போட்டதும் அரை மணியில் அடங்கிவிட்டது. டாக்ஸோரூபிசின் ரத்தம் போலச் சிவப்பு. அன்று இரவு சிறுநீரும் சிவப்பாகப் போனதைப் பார்த்து அண்ணன் என்னை எழுப்பினார். மருந்தின் நிறம்தான் அது என்று முன்பே சொல்லியிருந்தால் இருவரும் தூங்கியிருப்போம்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றில் விடக்கூடாதது ஹெபடைடிஸ் பி. முன்பு எப்போதோ வந்து அடங்கிப்போன வைரஸை ரிடுக்ஸிமாப் எழுப்பிவிடும், ஈரல் செயலிழந்து உயிரே போகலாம். அண்ணனுக்கு டிரிப்ஸ் போட எல்லாம் தயாரான பிறகுதான் ஒரு நர்ஸ் "ஹெபடைடிஸ் ரிசல்ட் எங்கே?" என்று கேட்டார். யாரும் எடுத்திருக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப்போனது. ஆன்டிபாடி சோதனையில் பழைய தொற்றின் அடையாளம் தெரிந்தது. தினமும் ஒரு வைரஸ் தடுப்பு மாத்திரையோடு கீமோ தொடங்கியது. அந்த நர்ஸை நான் இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், டாக்ஸோரூபிசின் இதயத் தசையைத் தொடும். ஆறு சுற்றுகளில் சேரும் அளவு வழக்கமாக ஆபத்து எல்லைக்குக் கீழேதான் இருக்கும். ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்களுக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். குழந்தை பெற நினைக்கும் வயதினர் விந்தணு அல்லது கருமுட்டை சேமிப்பது பற்றி முதல் சுற்றுக்கு முன்பே பேசிவிட வேண்டும். டாக்டர் இதைத் தானாகப் பேசாமல் போகலாம். கூச்சப்படாமல் நீங்களே எடுங்கள்.

வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அண்ணனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல் நுனியில் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது என்பார். சொன்னால் அளவைக் குறைப்பார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்வது வீரம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேராக மருத்துவமனைக்கு. காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது.

நான்கு சுற்றா, ஆறு சுற்றா? இது நியாயமான கேள்வி, கேட்டுத்தான் ஆக வேண்டும். 60 வயதுக்குட்பட்டு, நோய் முதல் இரண்டு நிலைகளில் நின்று, கட்டி 7.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக, வேறு அபாயக் குறிகள் இல்லாதவர்களில், நான்கு சுற்று ஆர்-சாப்போடு இரண்டு ரிடுக்ஸிமாப் மட்டும் சேர்த்தால் போதும் என்று 2019-ல் ஒரு ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மூன்று ஆண்டுகள் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 96 சதவீதம், ஆறு சுற்று பெற்றவர்களில் 94. இரண்டு சுற்று கீமோ மிச்சம் என்பது உடம்புக்குப் பெரிய நிம்மதி. அந்த நிபந்தனைகளில் ஒன்று பிசகினாலும் ஆறுதான்.

வின்கிரிஸ்டினுக்குப் பதிலாக போலாடுஸுமாப் வெடோடின் என்ற மருந்தைச் சேர்க்கும் புதிய கூட்டும் வந்திருக்கிறது. 879 பேரில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு ஆண்டு நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 76.7 சதவீதம், ஆர்-சாப்பில் 70.2. உயிர்வாழ்வில் அந்த இரண்டு ஆண்டில் வித்தியாசம் தெரியவில்லை. அபாயக் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ உள்ளவர்களைச் சேர்த்து நடந்த ஆய்வு அது. நோய் பரவியவர்களுக்கு இதைக் கேட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு. இரைப்பையோடு நிற்கும் நோய்க்கு, புதியது என்ற ஒரே காரணத்துக்காக இதைத் துரத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. 80-ஐத் தாண்டிவிட்டார், இனி கீமோ எதற்கு என்று குடும்பமே முடிவுகட்டிவிடுவதைப் பார்க்கிறேன். ரிடுக்ஸிமாப்பை முழு அளவிலும் மற்றவற்றை மிகக் குறைந்த அளவிலும் தரும் மினி முறை இருக்கிறது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 80-க்கு மேற்பட்டவர்களுக்கே கொடுத்துப் பார்த்ததில் பாதிக்கும் மேல் இரண்டு ஆண்டைத் தாண்டினார்கள். நோயாளியையே கேளுங்கள், அவருக்குப் பதிலாக முடிவெடுக்காதீர்கள்.

கதிர்வீச்சு வேண்டுமா?

ஒரு காலத்தில் மூன்று சுற்று கீமோவும் அதன்மேல் கதிர்வீச்சும் வழக்கம். இப்போது அது கட்டாயமில்லை. கட்டி பெரிதாக இல்லாத, தொடக்க நிலையிலுள்ள 334 பேரில் ஆர்-சாப் மட்டும், ஆர்-சாப்போடு கதிர்வீச்சு என்று பிரெஞ்சு மருத்துவர்கள் ஒப்பிட்டார்கள். கணிசமான வித்தியாசம் இல்லை என்பதுதான் 2018-ல் வந்த முடிவு. இரைப்பைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது இடது சிறுநீரகம், ஈரல், இதயத்தின் அடிப்பகுதி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. சாப்பிட்டால் இரைப்பை விரியும், மூச்சுக்கு மூச்சு நகரும். அதனால் வெறும் வயிற்றில் படுக்கவைத்து, ஒவ்வொரு நாளும் படம் பார்த்துக் குறிவைக்க வேண்டும். இது நன்றாகச் செய்யும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை.

கீமோ முடிந்தும் ஒரு இடத்தில் மிச்சம் இருக்கிறதா, இதயம் காரணமாகக் கீமோவைக் குறைத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறதா, ஆரம்பத்திலேயே கட்டி மிகப் பெரிதா? அப்போது கதிர்வீச்சுக்கு உண்மையான வேலை உண்டு. எல்லாம் சுத்தமாக இருந்தும் பாதுகாப்புக்கு ஒருமுறை என்று சொன்னால், அதனால் எனக்கு என்ன கூடுகிறது என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கிறதா என்பதையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பெட் ஸ்கேனில் ஒளிர்வதை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள். ஒன்று முதல் மூன்று வரை நல்லது. ஆனால் இரைப்பை ஏமாற்றும். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும், சாதாரண அழற்சியும்கூட ஒளிரும். அண்ணனின் கடைசி ஸ்கேனில் நான்கு என்று எழுதியிருந்தது. அண்ணி அழுதுவிட்டார். எண்டோஸ்கோபி செய்து எட்டு இடத்தில் திசு எடுத்தார்கள், லிம்போமா ஒரு செல்கூட இல்லை. ஸ்கேன் தாளை மட்டும் வைத்து அடுத்த சிகிச்சைக்கு ஓடியிருந்தால் தேவையே இல்லாத இருபது நாள் கதிர்வீச்சை அண்ணன் வாங்கியிருப்பார்.

பெயர் மாறினால் எல்லாம் மாறும்

இதுவரை சொன்ன எல்லாம் பெரிய பி-செல் வகைக்கு. பயாப்ஸியில் மிக் மரபணுவும் பிசிஎல்2 மரபணுவும் இடம் மாறியிருந்தால் அதை டபுள் ஹிட் என்பார்கள். அதற்குப் பல டாக்டர்கள் ஆர்-சாப்பைவிடத் தீவிரமான, நாட்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும் கூட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். பர்கிட் லிம்போமா என்றால் இன்னும் கடுமையான முறை, அங்கே நாட்களே முக்கியம். பிளாஸ்மாபிளாஸ்டிக் என்ற அரிதான வகையில் சிடி20 பெரும்பாலும் இருக்காது, ரிடுக்ஸிமாப் பிடிக்கக் கொக்கியே இல்லை. எச்ஐவி உள்ளவர்களில் அது அதிகம், அதனால் அந்தச் சோதனையும் எல்லோருக்கும் எடுப்பார்கள்.

அதனால் கத்தி, மருந்து, கதிர் என்று எதை ஒப்பிடும் முன்னும், பயாப்ஸித் துண்டுகளை லிம்போமா பார்த்துப் பழகிய இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டிவிடுங்கள். மரபணுச் சோதனை முடிவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தம் கொட்டவில்லை, அடைப்பு இல்லை என்றால் இதற்கு ஒரு வாரம் செலவிடலாம். ஒரு மாதம் கூடாது. இரண்டாவது கருத்து கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினோம். எங்கள் டாக்டரே துண்டுகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அண்ணனுக்கு ஆறு சுற்று ஆர்-சாப், கிருமி ஒழிப்பு, கதிர்வீச்சு இல்லை, கத்தி இல்லை. இது பெரும்பாலும் திரும்பி வருவதானால் முதல் இரண்டு ஆண்டுக்குள்தான் வரும் என்கிறார்கள், அதில் பதினாறு மாதம் கடந்திருக்கிறது. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது நட்சத்திரம் போல மடிப்புகள் கூடிய ஒரு வெளிர் தழும்பு. இரண்டு படங்களையும் மாமாவிடம் காட்டினேன். போனை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார். விரல் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. மேல் பொத்தானை மட்டும் அண்ணிதான் போட்டுவிடுகிறார்.